கேட்டில் கட்டிய வேப்பிலை

மாரியம்மனிடம் நான் இரண்டு விண்ணப்பங்கள் வைத்தேன். என் மகளைக் காப்பாற்று என்பது முதலாவது. எனக்கு ஒரு மனித முகத்தைக் காட்டு என்பது இரண்டாவது. இரண்டையும் அவள் தந்தாள். ஆனால் அவள் தந்த விதம் இன்றுவரை எனக்கு முழுதாகப் பிடிபடவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். வாசிக்கும் உங்களில் யாருக்காவது பிடிபட்டால் எனக்கும் சொல்லுங்கள்.

நாங்கள் கொழும்பு கொட்டாஞ்சேனையில் மூன்றாம் மாடியில் இருந்தவர்கள். ஒரே பிள்ளை, அபிநயா. பதினைந்து வயது. சிறு வயதிலிருந்தே அவளுக்கு இழுப்பு, அதாவது ஆஸ்துமா, இருக்கிறது. துறைமுகத்துக்குப் போகும் லொறிகளின் புகையும் மழைக்காலத்தில் சுவரில் படரும் பூஞ்சணமும் சேர்ந்து அவளை வருடத்தில் பாதி நாள் கட்டிலில் வைத்திருந்தன. சென்ற ஆண்டு வீட்டுக்காரர் வாடகையையும் ஏற்றினார். அபியைப் பார்க்கும் டொக்டர், "முடிந்தால் இந்தப் பக்கத்தை விட்டுப் போங்கள், காற்று நல்ல இடமாகப் பாருங்கள்" என்றார். காற்றும் நன்றாக இருக்க வேண்டும், வாடகையும் எட்ட வேண்டும், ஆஸ்பத்திரியும் தமிழ்ப் பள்ளிக்கூடமும் பக்கத்தில் இருக்க வேண்டும். அப்படித் தேடித்தான் மாத்தளைக்கு வந்தோம். அங்கே எங்களுக்குச் சொந்தம் என்று ஒருவரும் இல்லை. அந்த ஊர்க் கோயிலில் முத்துமாரியம்மன் இருக்கிறாள் என்பது மட்டும்தான் தைரியம்.

அவளுடைய மாசித் தேர் முடிந்த கையோடு வீடு மாறினோம். டவுனிலிருந்து பலாபத்வலைக்குப் போகும் வழியில், பெரிய ரோட்டிலிருந்து உள்ளே இறங்கும் ஒரு லேன். சிறிய ஓட்டு வீடு, முன்னால் இரும்பு கேட், பின்னால் ஒரு மிளகுக் கொடி. காலையில் ஜன்னலைத் திறந்தால் கிழக்கே மலை நிற்கும். அபி முதல் நாளே கேட்டாள்.

"அம்மா, இது நேத்து இருந்ததவிட கிட்ட வந்திருக்கா?"

"மலை நடக்குமாடி?"

"இங்க நடக்கும் போல. மத்தியானம் பாருங்க, தூரமாப் போயிரும்."

பார்த்தேன். உண்மையிலேயே போயிருந்தது. பனி விலகினால் மலை கிட்டே வருவதும், வெயில் ஏறினால் நீலமாகிப் பின்வாங்குவதும் எங்கள் இருவருக்கும் பெரிய வேடிக்கை. வேறு வேடிக்கை எதுவும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. கணவருக்கு வேலை கொழும்பில்தான். சனிக்கிழமை வந்து ஞாயிறு மாலை போய்விடுவார். அபியைச் சேர்த்துக்கொள்வதாகச் சொன்ன பள்ளிக்கூடத்திலிருந்து இன்னும் அழைப்பு வரவில்லை. வீட்டில் நானும் அவளும் மட்டும்.

வந்த அன்றே நேர்த்தியை நிறைவேற்றினேன். புறப்படும் முன் கொட்டாஞ்சேனை அம்மன் முன்னால் வேண்டியிருந்தேன்: "தாயே, என் மகளைக் காப்பாற்று, புது ஊரில் என் வாசலில் நீ காவல் நில். உன் இலையை நான் வாடவிட மாட்டேன்." அதன்படி மாத்தளைக் கோயிலில் கும்பிட்டு, வெளியே வாங்கிய வேப்பிலைக் கொத்துகளை கேட்டின் இரண்டு தூணிலும் கட்டினேன். வெள்ளிக்கு வெள்ளி பழையதை எடுத்துவிட்டுப் புதியதைக் கட்டினேன். ஒரு வெள்ளியும் தவறவில்லை.

ஆனால் அந்த லேனில் ஒருவரும் எங்களோடு பேசவில்லை.

நான் மிகைப்படுத்தவில்லை. எதிர் வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம். அந்த அம்மா தன் வாசலைக் கூட்டும்போது நான் கேட்டருகே போனால், தலையில் போட்டிருக்கும் சால்வையைச் சரிசெய்துகொண்டு மெல்ல உள்ளே போய்விடுவார். முகத்தில் கோபம் இல்லை. ஒரு மாதிரிப் பரிவுதான் இருந்தது. பக்கத்து வீட்டுச் சிங்களப் பெரியவர் என்னைக் கண்டால் கைகூப்பி விட்டு நடையை வேகப்படுத்துவார். காலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் ரொட்டி விற்க வரும் முச்சக்கரவண்டி எல்லா கேட்டிலும் நிற்கும். எங்கள் கேட் வந்ததும் பாட்டை நிறுத்திவிட்டு ஓட்டிக்கொண்டு போகும். கொஞ்சம் தள்ளிப் போய்த்தான் மறுபடி பாட்டு.

"அம்மா, நம்மகிட்ட என்னமோ நாறுது. நீங்க குளிச்சீங்களா?" என்று அபி கேட்டாள். சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்னொரு புதிர். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை கேட்டுக்கு வெளியே செவ்விளநீர் இருக்கும். இங்கே தம்பிலி என்பார்கள். ஒரு நாள் ஒன்று, ஒரு நாள் இரண்டு. சீவாமல், முழுசாக, தூணோரம் சாய்த்து வைத்திருக்கும். ஒரு தடவை ஒரு பிடி பச்சைப்பயறும் வாழையிலையில் கட்டி இருந்தது. யார் வைத்தார்கள் என்று தெரியாது. கூப்பிட்டுக் கொடுக்கவில்லை, மணி அடிக்கவில்லை. எங்களோடு பேசவே விரும்பாத ஊர் எதற்காகத் தம்பிலி வைக்கிறது? எனக்குப் பயமாக இருந்தது. செய்வினையோ என்றுகூட நினைத்தேன். படித்தவள்தான், கப்பல் கம்பனி ஒன்றில் பல வருடம் வேலை பார்த்தவள்தான். தனிமையில் படிப்பு எங்கே போகிறதோ தெரியவில்லை.

அபி திரைச்சீலைக்குப் பின்னால் காவல் இருந்தாள்.

"பேய் தம்பிலி வைக்காதும்மா. பேய் வந்தா நம்ம வீட்டுல இருக்கிறதக் குடிச்சிட்டுத்தான் போகும்."

"வாய மூடு. நீ அதத் தொடாத."

"நான் ஏற்கனவே குடிச்சிட்டேன். நேத்தையது. நல்லா இனிப்பு."

அவள் வெளியே சிரித்தாலும் உள்ளே சுருங்கிக்கொண்டிருந்தாள். கொட்டாஞ்சேனைச் சிநேகிதிகளின் அழைப்புகள் குறைந்துவிட்டன. சாப்பாட்டில் பாதியை வைத்துவிடுவாள். மலையைப் பார்ப்பதையும் விட்டுவிட்டாள். ஒரு நாள், "அம்மா, காத்து நல்லாத்தான் இருக்கு. ஆனா யாருக்காக மூச்சு விடுறதுன்னு இருக்கு" என்றாள்.

கணவர் போனில் சொன்னார். "ஒரு சனமும் பேசாத ஊருல நமக்கு என்ன இருக்கு? மலையா சோறு போடப்போகுது? சித்திரை வருசப் பிறப்புக்கு முந்தி முடிவெடு. வேணாம்னா அக்கா வீட்டுல ஒரு ரூம் இருக்கு, சமாளிப்போம்." அந்த அறை எனக்குத் தெரியும். ஜன்னல் இல்லாத அறை. அபிக்கு அங்கே ஒரு மழைக்காலம் தாங்காது. இங்கேயே இருந்தால் அவள் மனம் வாடும். திரும்பிப் போனால் மூச்சு வாடும். இரண்டுக்கும் நடுவில் நான் நின்றேன்.

அன்று மாலை விளக்கேற்றி அழுதேன். "தாயே, காவல் கேட்டேன், நிற்கிறாய். ஆனால் ஒரு ஆளும் உள்ளே வரவில்லையே. ஒரே ஒரு மனித முகத்தைக் காட்டு. அது போதும். இல்லாவிட்டால் நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன்." அது வேண்டுதல் மாதிரி இல்லை, சண்டை மாதிரி இருந்தது.

பங்குனி கடைசியில் ஒரு பிற்பகல். மலைப்பக்கம் கறுத்து, இடி இறங்கி, மழை கொட்டியது. கரண்ட் போனது. கொஞ்ச நேரத்தில் போன் சிக்னலும் போனது. அபிக்கு இழுப்பு தொடங்கியது. வாயில் வைத்து இழுக்கும் மருந்துப் பம்ப்பை அடித்தோம், கேட்கவில்லை. புகைபோல் மருந்து பிடிக்கும் மெஷின் இருக்கிறது, ஆனால் கரண்ட் இல்லை. கழுத்துக் குழி உள்ளே போய் வந்தது. உதடு நிறம் மாறியது. பேச வாயெடுத்தாள், பாதிச் சொல்தான் வந்தது. நான் கேட்டுக்கு ஓடினேன். மழையில் நின்று கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. "அம்மா" என்றுதான் கத்தியிருப்பேன்.

எதிர் வீட்டுக் கதவு திறந்தது. அந்த முஸ்லிம் அம்மா வந்தார். பின்னால் வயிறு பெரிதான ஓர் இளம்பெண் வாசல்வரை வர, "நீ வராத! உள்ளுக்குப் போ, கதவச் சாத்து!" என்று அதட்டினார். மழையில் நனைந்து எங்கள் கேட்டுக்கு வந்தார். கேட்டில் கை வைத்தார். அங்கே நின்றார்.

ஒரு கணம்தான். வேப்பிலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பித் தன் வீட்டை ஒரு தடவை பார்த்தார். பிறகு சால்வை நுனியை எடுத்து மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லி கேட்டைத் திறந்தார்.

அந்தக் கணத்துக்கு எனக்கு அர்த்தம் தெரியவில்லை. மழைக்குத் தயங்குகிறார் என்று நினைத்தேன்.

உள்ளே வந்தவர் ஒரு கேள்வியும் கேட்காமல் அபியை அள்ளினார். அவர் கணவர் முச்சக்கரவண்டியை கேட் வரைக்கும் கொண்டுவந்திருந்தார். டவுனில் சாமான் கடை வைத்திருப்பவர், மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து மழையால் நின்றுவிட்டவர். அபியை எங்கள் இருவருக்கும் நடுவில் நிமிர்த்தி உட்காரவைத்தோம். அந்த அம்மா அவள் முதுகைத் தடவிக்கொண்டே வந்தார். "மெதுவா புள்ள, மெதுவா. வந்திட்டோம், இந்தா வந்திட்டோம்." நடுவில் என்னிடம் குனிந்து, "கொப்புளம் எல்லாம் அடங்கிட்டா? காச்சல் இரிக்கா இன்னம்?" என்று கேட்டார். என் காதில் விழுந்தது. விளங்கவில்லை. நான் மாரியம்மன் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் இறங்கியதும் அவர் முன்னால் ஓடிப்போய் தாதியிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். நானும் சிங்களம் அறிந்தவள். "தெய்வத்தின் நோய் வந்த வீடு" என்று சொன்னது கேட்டது. அம்மையைச் சிங்களத்தில் அப்படித்தான் சொல்வார்கள். உடனே எங்களை மற்றவர்களிலிருந்து விலக்கி ஓரத்து அறைக்குக் கொண்டுபோனார்கள். மூக்கில் மருந்துப் புகை பிடித்தார்கள், ஊசி போட்டார்கள். அபியின் நெஞ்சு மெல்ல மெல்ல இறங்கி ஏறத் தொடங்கியது. உதட்டில் நிறம் வந்தது. நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

டொக்டர் இளம் பெண். அபியின் கையைத் திருப்பிப் பார்த்தார். முதுகைப் பார்த்தார். "எங்கே கொப்புளம்?" என்று கேட்டார்.

"என்ன கொப்புளம்?" என்றேன்.

எல்லோரும் கதவோரம் நின்ற அந்த அம்மாவைப் பார்த்தார்கள். அவர் சால்வையை வாயிலிருந்து எடுத்தார்.

"அப்ப ஒங்கட ஊட்டுல அம்மை இல்லயா?"

"இல்லையேங்க."

"ஒருத்தருக்குமா?"

"யாருக்கும் இல்ல."

"அப்ப ஏன் புள்ள, கேட்டு ரெண்டு பக்கமும் கொப்புக் கொப்பா வேப்பில கட்டின?"

இதை எப்படி விளக்குவது? கொட்டாஞ்சேனை மாடிகளில் ஆடி மாதம் எல்லாக் கதவிலும் வேப்பிலை தொங்கும். அம்மை வந்த வீடு என்றால் கதவு சாத்தியிருக்கும், அவ்வளவுதான். அங்கே கேட்டும் இல்லை, தெருவில் போகிறவர்களுக்கு அடையாளம் காட்டவும் தேவையில்லை. இந்த லேனில் அப்படி இல்லை. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எல்லோருக்கும் அந்த இலை சொல்வது ஒன்றுதான். உள்ளே அம்மன் வந்திருக்கிறாள், கூப்பிடாதே, சத்தம் போடாதே, உள்ளே போகாதே. முடிந்தால் குளிர்ச்சியாக எதையாவது வாசலில் வைத்துவிட்டுப் போ.

றமீஸா என்பது அவர் பெயர், அவர்கள் வழக்கில் அக்காவுக்கு ராத்தா. றமீஸா ராத்தா கட்டிலோரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். "நீங்க வந்த அண்டே இல கட்டின. புள்ள வெளிய வரல்ல, ஸ்கூலுக்கும் போகல்ல. தாளிக்கிற மணம் ஒரு நாளும் வரல்ல. அம்மை ஊட்டுல தாளிக்க மாட்டாங்கதானே? வெள்ளிக்கு வெள்ளி புது இல. நாங்க நெனச்ச, ஒருத்தருக்கு எறங்க மத்தவருக்குப் போடுதாக்கும், பாவம், வந்த எடத்துல இப்பிடியாச்சேன்னு. கடைசி ஊட்டுப் பரமேஸ் அக்காவும் நானும் மாறி மாறித்தான் தம்பிலி வெச்ச."

தாளிக்காததற்குக் காரணம் அபியின் இழுப்பு. மிளகாய் வறுக்கும் நெடி அவளுக்கு ஆகாது.

அபி மருந்துக் குழாயை மூக்கிலிருந்து நகர்த்தி, "பாண் வண்டி?" என்று கேட்டாள். முதல் சொல்.

"அவன் பாட்ட நிப்பாட்டினது மரியாதைக்கி, மகள். அம்மை ஊட்டுக்கு முன்னுக்குப் பாட்டுப் போடுவாங்களா?"

நான் சிரித்தேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு. பிறகுதான் அந்தக் கணம் நினைவு வந்தது. கேட்டில் வைத்த கை, திரும்பிப் பார்த்த பார்வை.

"ராத்தா, அப்ப நீங்க... அம்மை இருக்குன்னு நெனச்சிக்கிட்டா உள்ள வந்தீங்க?"

அவர் அபியின் போர்வையை இழுத்துவிட்டார். "எனக்குச் சின்னதுல அம்மை போட்டதில்ல. ஊட்டுல மகளுக்கு நெறமாசம். அதுதான் கொஞ்சம் நிண்ட. பொறகு நெனச்ச, இதுக்குள்ள போனா பொறகு நான் ஊட்டுக்குப் போறல்ல, மகளுக்குப் புள்ள கெடைக்கிற வரைக்கும் பல்லேபொலயில தங்கச்சிட ஊட்டுல இருக்கிறண்டு. எங்கட ஊட்டுக்காரருக்கு அம்மை போட்டாச்சி, அவர்ட்டயும் வாற வழில சொன்ன. அவரும் சரிண்ட."

சாதாரணமாகச் சொன்னார். கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்பதுபோல. தன் மகளின் முதல் பிரசவத்துக்குப் பக்கத்தில் இருக்க முடியாது என்பதைத் தீர்மானித்துக்கொண்டுதான் அந்த மனுஷி என் கேட்டைத் திறந்திருக்கிறார். பெயர்கூடத் தெரியாத என் பிள்ளைக்காக. நான் அவர் கையைப் பிடித்து அழுதேன். அவரும் அழுதார். அவர் கணவர் வெளியே போய் எல்லோருக்கும் பால் விடாத பிளேன்ரீ வாங்கி வந்தார்.

நான் கேட்ட மனித முகம் அதுதான்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக இலையை அவிழ்க்கப் போனேன். கடைசி வீட்டுப் பரமேஸ்வரி அக்கா ஓடி வந்து கையைப் பிடித்தார். தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்து டவுனுக்கு வந்தவர், குரல் நாலு வீட்டுக்குக் கேட்கும்.

"என்னங்க செய்றீங்க? தண்ணி ஊத்தாம எல அவுக்கலாமா?"

"வராத அம்மைக்கு எதுக்கு அக்கா தண்ணி?"

"நீங்கதானே கூப்பிட்டு நிக்க வச்சீங்க? வந்தவள வாசல்லயே நிக்க வச்சிட்டு, இப்ப போன்னா எப்புடிங்க? மரியாதையா அனுப்பி வைங்க. கொழும்பு ஆளுங்க ஒன்னுமே தெரியாம வந்துர்றீங்க!"

அந்த ஞாயிறு அபிக்கு வேப்பிலையும் மஞ்சளும் போட்ட வெந்நீரை அக்காவே ஊற்றினார். வராத அம்மைக்கு லேன் முழுவதும் வந்தது. பொங்கல் வைத்தோம். சிங்களப் பெரியவர் ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து, என் கணவரிடம் இத்தனை நாள் கும்பிட்டு ஓடியதற்கு மன்னிப்புக் கேட்டார். ராத்தா கேட்டோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, யார் எங்கே உட்கார வேண்டும் என்று எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தார். கணவர் என் பக்கம் குனிந்து, "அக்காகிட்ட ரூம் வேணாம்னு சொல்லிறவா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன்.

ராத்தாவின் மகளுக்குச் சித்திரையில் ஆண் குழந்தை. ராத்தா பக்கத்திலேயே இருந்தார். அபி பள்ளிக்கூடம் போகிறாள். மாதா மாதம் கிளினிக் போகிறோம், மருந்தை நிறுத்தவில்லை. இழுப்பு இன்னும் வரும், ஆனால் குறைந்திருக்கிறது. மாலையில் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு அதற்கு மலையைக் காட்டுகிறாள், அது நடக்கும் என்று சொல்லிக் கொடுக்கிறாள். எனக்கு மட்டும் இடி இடித்தால் இன்னும் பயம், ஓடிப்போய் அவள் மூச்சைக் கேட்டுப் பார்க்கிறேன். அது போகக் காலம் எடுக்கும்.

நான் இப்போதும் யோசிக்கிறேன். ஊரை எங்களிடமிருந்து விலக்கியது நான் கட்டிய இலைதானே? அந்த இலை இல்லாமல் இருந்தால் முதல் வாரமே யாராவது வந்து பேசியிருப்பார்கள். அவர்கள் நல்ல அயலவர்களாக இருந்திருப்பார்கள். ஆனால் ஒரு பெண் என் பிள்ளைக்காக எதைத் தாண்டி வருவாள் என்பது எனக்குத் தெரிந்திருக்காது. அதைக் காட்டத்தான் அம்மன் அத்தனை நாள் காக்கவைத்தாளா? அல்லது என் அறியாமையை அவள் கடைசியில் நல்லதாக மாற்றினாளா? தெரியவில்லை. ராத்தாவிடம் கேட்டேன். "அல்லாஹ் நாடின, நான் வந்த. நீங்க வேண்டிக் கேட்ட ஆளையும் எனக்குத் தெரியும், மாத்தளையிலதானே பொறந்த நான்" என்று சிரித்தார்.

சென்ற வாரம் லேனின் கீழ்ப்பக்கத்து வீடு ஒன்றின் கேட்டில் வேப்பிலை கட்டியிருந்தது. புதிதாக வந்த குடும்பம், யாரோடும் இன்னும் பழக்கமில்லை. வழக்கப்படி ஒரு தம்பிலியைத் தூணோரம் சாய்த்து வைத்தேன். திரும்பி நடந்தேன். ராத்தா கை வைத்து நின்ற அந்தக் கணம் நினைவு வந்தது. எனக்குச் சின்ன வயதிலேயே அம்மை போட்டுவிட்டது. எனக்கு என்ன பயம்? திரும்பி வந்து கேட்டைத் தட்டினேன்.

ஓர் இளம் தாய் ஜன்னலைத் திறந்தாள். தலை வாராமல், கண் சிவந்து. "வராதீங்க அக்கா, உள்ள அம்மை. பிள்ளைக்கு."

"தெரியும்மா. நீ தூங்கி எத்தன நாளாச்சி?"

அவள் அழுதாள்.

உறவுகளே, அம்மனிடம் கேளுங்கள். சண்டை போட்டாவது கேளுங்கள். பதில் எந்த முகத்தோடு, எந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு வரும் என்று மட்டும் தீர்மானித்துவிடாதீர்கள். உங்கள் தெருவில் சாத்திய கேட் ஒன்று இருந்தால், உள்ளே இருப்பவர் கேட்ட வேண்டுதலுக்குப் பதில் நீங்களாகவும் இருக்கலாம்.

நான் வேப்பிலையை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன்.